பழைய போக்கிமான் சாரிஸார்ட் கார்டு ஒண்ணு விலைக்கு வருதுங்க, ஒரிஜினலான்னு நேர்ல எப்படிப் பாக்குறது?

நொய்யல்கரை

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க அக்கா பையன் ஏழாவது படிக்கிறான், வீட்டுக்கு வந்தான்னா போக்கிமான் கார்டு பேச்சுதான், வேற எதுவும் கெடையாது. அவன் பொறந்தநாளைக்கு நல்லதா ஒரே ஒரு பழைய கார்டு வாங்கிக் குடுக்கலாம்னு தேடிட்டு இருந்தேனுங்க. இங்க கோயமுத்தூர்லயே ஒருத்தர் வெளிநாட்டுக்குக் கெளம்பறாரு, அவர்கிட்ட ஒரு பைண்டர் நிறைய கார்டு இருக்குது, சின்ன வயசுல துபாய்ல இருந்தப்ப சேத்து வெச்சதாம். அதுல பெரிய கார்டு 1999ல வந்த பேஸ் செட்ங்கற முதல் வரிசையோட சாரிஸார்ட், நம்பர் 4/102, அதாவது 102 கார்டுல நாலாவது. ஃபர்ஸ்ட் எடிஷன், அதாவது முதல் அச்சு, கெடைக்கவே கெடைக்காது, அவசரங்கறதால 45,000 ரூபாய்க்குத் தர்றேன்ங்கறாரு. அது போக புதுசா வந்த விமேக்ஸ், ஈஎக்ஸ்ங்கற ரகக் கார்டுக கொஞ்சம் தனி விலைக்கு இருக்குது. ஞாயித்துக்கிழமை நேர்ல பாக்கப் போறேன்.

போட்டோ அனுப்பியிருக்காரு, ஆனா இங்க போடவேண்டாம்னு கேட்டுக்கிட்டதால பாத்து அப்படியே எழுதறேன். படத்துக்குக் கீழ இடது ஓரத்துல வட்டத்துக்குள்ள 1, சுத்தி எடிஷன்னு கறுப்பு முத்திரை. படத்தைச் சுத்தி மஞ்சக் கட்டம், அந்தக் கட்டத்தோட வலது பக்கம் நிழல் மாதிரி ஒரு கருப்புப் பட்டை ஓடுது. எச்பி, அதான் உயிர்ப் புள்ளி, 120. கடைசி அடியில ரொம்பப் பொடி எழுத்துல 1995, 96, 98 நிண்டெண்டோ, கிரீச்சர்ஸ், கேம்ஃப்ரீக், அப்புறம் 1999 விசார்ட்ஸ்னு இருக்குதுங்க. மூலை கொஞ்சம் வெள்ளையா தேஞ்சிருக்குது, மத்தபடி பாக்க நல்லாத்தான் தெரியுது.

நேர்ல போகும்போது என்ன எடுத்துட்டுப் போகணும், எதைப் பாக்கணும்? இன்னொண்ணும் கேட்டுடறேன், பையன்கிட்ட ஃபேன்சி ஸ்டோர்ல வாங்கின தங்கக் கலர் கார்டு டப்பா ஒண்ணு இருக்குது, அதுல ஒரு கார்டு லட்ச ரூபாய் போகும்னு ஸ்கூல்ல எவனோ சொல்லி வெச்சிருக்கான். அதுவும் உண்மைங்களா?

பைண்டர்_அக்கா

தம்பி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் போக வேண்டாம், நீங்க எழுதினதுலயே விஷயம் இருக்கு. பணம் எதுவும் அட்வான்ஸா அனுப்பிடாதீங்க முதல்ல.

இங்கிலீஷ் பேஸ் செட் 1999 ஜனவரியில விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனி வெளியிட்டது. முதல்ல வந்த ஃபர்ஸ்ட் எடிஷன், அதுக்குப் பின்னாடியே வந்த ஷேடோலெஸ், இந்த ரெண்டுலயும் படக்கட்டத்துக்கு வலது பக்கம் அந்த நிழல் கிடையாது. அதனாலதான் ஷேடோலெஸ்னே பேரு. அடியில இருக்கற வரியில 1995, 96, 98, 99னு நாலு வருஷம் இருக்கும். அதுக்கப்புறம் லட்சக்கணக்குல அடிச்ச அன்லிமிடெட்ல தான் நிழல் வந்துச்சு, நிண்டெண்டோ வரியில இருந்து அந்த 99 போயிடுச்சு. நீங்க சொல்ற கார்டுல நிழலும் இருக்கு, 99ம் இல்ல, ஆனா ஃபர்ஸ்ட் எடிஷன் முத்திரை மட்டும் இருக்கு. அப்படி ஒரு சாரிஸார்ட் பிரஸ்ல இருந்து வெளியவே வரல. ஒண்ணு கார்டே டூப்ளிகேட், இல்ல நல்ல அன்லிமிடெட் கார்டு மேல யாரோ அப்புறமா முத்திரை குத்தியிருக்காங்க.

விலையும் இடிக்குது பாருங்க. கார்டோட தரத்துக்கு மார்க் போடற பி.எஸ்.ஏ கம்பெனிகிட்ட 10க்கு 10 வாங்கின ஃபர்ஸ்ட் எடிஷன் சாரிஸார்ட் ஒண்ணு 2022 மார்ச்ல 4,20,000 டாலருக்கு ஏலம் போச்சு. தேஞ்சு போனதா இருந்தாலும் ஃபர்ஸ்ட் எடிஷன்னா 45,000 ரூபாய்க்கு யாரும் தரமாட்டாங்க. விளையாடித் தேஞ்ச அன்லிமிடெட்னா அதுக்கு 45,000 ரொம்ப ஜாஸ்தி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு விலை சொல்றாங்கன்னா வாங்கறவருக்கு இது அடிமாட்டு விலைன்னு தோணணும், விக்கறவருக்கும் நல்லா மிஞ்சணும், அந்தக் கணக்குதான். விக்கறவருக்கே தெரியாம இருக்கவும் வாய்ப்பு உண்டு, சின்ன வயசுல யார்கிட்டயோ மாத்தினதா இருக்கலாம், அதனால போய் சண்டை போட வேண்டாம், அமைதியா பாருங்க.

மாச்சாம்ப்_ரசிகன்

அக்கா சொன்னது சாரிஸார்டுக்கு நூத்துக்கு நூறு சரி. ஒரே ஒரு கார்டுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது, பைண்டர்ல அதுவும் இருந்தா குழப்பிக்காதீங்க. மாச்சாம்ப்ங்கற போக்கிமானோட கார்டு, 8/102. அது ரெண்டு பேர் விளையாடற ஸ்டார்ட்டர் செட்டுக்குள்ள வெச்சுக் குடுத்த கார்டு, அப்புறம் அடிச்சதுலயும் முத்திரையை எடுக்காம அப்படியே விட்டுட்டாங்க, அதனால நிழலோட முத்திரை இருக்கற மாச்சாம்ப் நிஜமாவே உண்டு. நெறைய பேர்கிட்ட இருக்கு, அதனால விலையும் பெருசா இல்ல. அதைக் காட்டி "பாருங்க இதுலயும் நிழல் இருக்கே"ன்னு சாரிஸார்டை நம்ப வைக்கற ஆளுங்க இருக்காங்க ப்ரோ, அதுக்காகத்தான் சொல்றேன்.

ஆப்செட்_மாஸ்டர்

வணக்கம் அண்ணாச்சி. நான் கார்டு சேக்குற ஆளு கெடையாது, சிவகாசியில ஆப்செட் பிரஸ்ல மிஷின் ஓட்டுறேன். எங்க வீட்டுப் பிள்ளைக கொண்டாந்து காட்டுன கார்டுகள லென்ஸ் வச்சுப் பாக்கப்போயி இதுல ஒரு பிடிப்பு வந்துருச்சு. எல்லாரும் கலரு மங்கல், எழுத்து சரியில்லன்னு பொதுவா சொல்லுவாக, ஏன் அப்படி ஆகுதுங்குறது தெரிஞ்சா நீங்களே எந்தக் கார்டையும் பாத்துரலாம், அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

ஒரிஜினல் கம்பெனிக்காரன்கிட்ட டிசைன் ஃபைலு இருக்கும். அதுல படம் தனி, எழுத்து தனி. படத்தை சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு கலராப் பிரிச்சு நாலு பிளேட்டு போடுவோம், ஒவ்வொரு பிளேட்டுலயும் படம் பூராம் பொடிப் புள்ளியா இருக்கும், ஒரு கலர் புள்ளி வரிசை இன்னொரு கலர் வரிசை மேல ஏறாம இருக்க கோணத்தை மாத்தி மாத்தி வைப்போம், வழக்கமா சயான் 15 டிகிரி, கறுப்பு 45, மெஜந்தா 75, மஞ்சள் 0. இப்படி வச்சு அடிச்சா லென்ஸ்ல பாக்கும்போது நாலு கலர் புள்ளியும் சேந்து குட்டிக் குட்டிப் பூ மாதிரி வட்டமா நிக்கும், ரோசெட்னு சொல்லுவோம். ஆனா கறுப்பு எழுத்துக்குப் புள்ளியே கெடையாது. அது கறுப்பு பிளேட்டுல மட்டும் முழுசா சாலிடா விழும், ஓரம் கூர்மையா இருக்கும், எழுத்தைச் சுத்தி வேற கலர் சிதறாது.

டூப்ளிகேட் அடிக்கிறவன்கிட்ட அந்த ஃபைலு இல்ல. அவன்கிட்ட இருக்குறது ஒரு கார்டு, அதை ஸ்கேன் பண்ணித்தான் ஆரம்பிக்கணும். ஸ்கேன் பண்ணுன உடனே எழுத்தும் படமும் ஒரே படமாயிருது. அதை மறுபடி நாலு கலராப் பிரிக்கும்போது எழுத்தும் புள்ளி புள்ளியா உடையும், கறுப்பு எழுத்தோட ஓரத்துல ஊதாவும் மஞ்சளும் சிதறி நிக்கும். படத்துல ஏற்கனவே புள்ளி இருக்கு, அதுமேல புதுசா புள்ளி போட்டா ரெண்டும் மோதி அலையலையா கோடு விழும், மோய்ரேன்னு பேரு. அதை மறைக்க சாஃப்ட்வேர்ல படத்தை லேசா கலங்கடிச்சு விடுவான், அதுலதான் சாரிஸார்ட் செதில்ல இருக்குற கோடு, கண்ணுல இருக்குற வெளிச்சம் எல்லாம் கரைஞ்சு போயிருது. பின்பக்க நீலம் ஊதா அடிக்கிறதோ வெளுத்துப் போறதோ இதே காரணந்தான், ஸ்கேனர் படிச்ச நீலத்தை நாலு கலர்ல திருப்பிக் கொண்டாரது லேசுப்பட்ட காரியம் இல்ல. இங்க்ஜெட்ல அடிச்சிருந்தா இன்னும் சுலபம், ரோசெட்டே இருக்காது, மை தூவிவிட்டது கணக்கா ஒழுங்கில்லாம சிதறிக் கெடக்கும்.

அதனால நீங்க முதல்ல பாக்க வேண்டியது படத்தை இல்ல அண்ணாச்சி, அடியில இருக்குற அந்தப் பொடி எழுத்தைப் பாருங்க. வாட்ச் ரிப்பேர் பாக்குறவுக கண்ணுல வைக்குற 10 மடங்கு லென்ஸே எழுத்தைப் பாக்கப் போதும். புள்ளியைத் தெளிவாப் பாக்கணும்னா 30 மடங்கு நல்லது.

அடுத்தது அட்டை. இந்தக் கார்டு ஒத்தைத் தாள் கெடையாது, ரெண்டு தாளுக்கு நடுவுல கருமையா ஒரு படலம் வச்சு ஒட்டுனது, எதிர்ல உக்காந்திருக்குறவனுக்கு வெளிச்சத்துல கார்டு தெரியக்கூடாதுன்னு. கார்டை ஓரமாத் திருப்பி லென்ஸ்ல பாத்தா நடுவுல மெல்லிசா ஒரு கருங்கோடு ஓடும். இருட்டு அறையில செல்போன் டார்ச்சு அடிச்சா ஒரிஜினல்ல வெளிச்சம் ரொம்பக் கம்மியா வரும், சாதா ஆர்ட் போர்டுல அடிச்ச டூப்ளிகேட்ல பளிச்சுன்னு ஊடுருவிரும். ஆனா இது ஒண்ணை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, படம் மினுமினுக்குற ஹோலோ கார்டுல உள்ள இருக்குற ஃபாயிலே வெளிச்சத்தை மறிக்கும், இப்ப கருப்புப் படலம் வச்ச அட்டையிலயே அடிக்கிறவனும் வந்துட்டான்.

அளவு 63க்கு 88 மில்லிமீட்டர். எடை சுமாரா 1.8 கிராம், நகைக்கடை தராசுல பாக்கலாம். படம் ஒரு பக்கமா ஒதுங்கி நிக்குதுன்னு மட்டும் சொல்லி டூப்ளிகேட்னு ஒதுக்கிராதீங்க, கட்டிங்ல அப்படி ஒதுங்குறது ஒரிஜினல்லயும் சகஜம். நாலு மூலையும் ஒரே வளைவா இருக்கான்னு பாருங்க, அதுல கார்டு வெட்டுற அச்சு (டை) தேஞ்சவன் மாட்டுவான்.

முக்கியமா, கையோட அதே பேஸ் செட்ல சாதா கார்டு ஒண்ணு, நிச்சயமா ஒரிஜினல்னு தெரிஞ்சது, யார்கிட்டயாச்சும் வாங்கிட்டுப் போங்க. எங்க பிரஸ்லயும் கலர் சரிபாக்கணும்னா ஒப்புதல் குடுத்த ஷீட்டைப் பக்கத்துல வச்சுத்தான் பாப்போம். ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சாத்தான் கண்ணு பேசும்.

பைண்டர்_அக்கா

மாஸ்டர் எழுதினதை நான் எடுத்து வெச்சுக்கறேன், இத்தனை வருஷமா இங்க சிங்கப்பூர்ல கார்டு மாத்திக்கிட்டு இருக்கேன், பிளேட் விஷயத்தை இப்படி யாரும் பிரிச்சு சொன்னதில்ல.

தம்பி, அந்த விமேக்ஸ், ஈஎக்ஸ் பத்தி. புது கார்டுல கண்ணை விட விரல்தான் வேகமா கண்டுபிடிக்கும். விமேக்ஸ், ஃபுல் ஆர்ட், ரெயின்போ, ஸ்பெஷல் இல்லஸ்ட்ரேஷன் மாதிரி கார்டுங்கள்ல மேல்பரப்புல கைரேகை மாதிரி மெல்லிய வரி இருக்கும், நகத்தால லேசா தடவினா சொரசொரன்னு தெரியும். சும்மா ஒரே பக்கமா போற வரி இல்ல அது, படத்துல இருக்கற உருவத்தோட சேர்ந்து வளையும், உடம்புக்கு ஒரு மாதிரி பின்னணிக்கு வேற மாதிரி. டூப்ளிகேட்ல வழவழன்னு இருக்கும், இல்லேன்னா எல்லாக் கார்டுலயும் ஒரே டிசைன் வரியை அழுத்தி விட்டிருப்பாங்க. அதே சமயம் சாதாரண வி ரகம், சாதாரண ஈஎக்ஸ் ரகத்துல வரி இல்லேன்னா பயப்படாதீங்க, அதுக்கு கிடையாது. எந்த கார்டுக்கு இருக்கணும்னு நம்பரை வெச்சுத் தேடிப் பாத்துட்டுப் போங்க.

ஓரத்துக் கலரையும் பாருங்க. இங்கிலீஷ் கார்டு 1999ல இருந்து பெரும்பாலும் மஞ்சள் ஓரம்தான், 2023 மார்ச்ல ஸ்கார்லெட் அண்ட் வயலட்ங்கற வரிசை வந்தப்பதான் சாம்பல் ஓரத்துக்கு மாறினாங்க. விமேக்ஸ்ங்கற வகையே இங்கிலீஷ்ல 2020ல வந்து அந்த மாற்றத்துக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. சாம்பல் ஓரத்துல ஒரு இங்கிலீஷ் விமேக்ஸ் இருந்தா அடிச்சவனுக்கு கார்டு வரலாறே தெரியலன்னு அர்த்தம். போக்கிமான்ங்கற பேருல இ எழுத்து மேல வர்ற சின்னக் கோடு, கீழ் மூலையில கட்டத்துக்குள்ள ஒரு எழுத்து, செட் சின்னம், நம்பர், இதெல்லாம் இருக்கா, தெளிவா இருக்கா பாருங்க. டூப்ளிகேட்ல எனர்ஜி சின்னம் பெருசா உப்பிப்போய் இருக்கும், தாக்குதலோட விளக்கத்துல ஸ்பெல்லிங் தப்பு இருக்கும், எச்பி எக்கச்சக்கமா இருக்கும், குழந்தைங்க கையில இருக்கறதுல பாதி இந்த ரகம்தான். ஹோலோ மினுமினுப்பு படத்துக்குள்ள மட்டும் இருக்க வேண்டிய கார்டுல கார்டு முழுக்க சாய்வா கோடு கோடா மின்னினா அங்கேயே வெச்சுட்டு வந்துடுங்க.

தங்கக் கலர் டப்பா பத்தி. அந்த 55 கார்டு டப்பா 200, 300 ரூபாய்க்கு விக்குதே, பிளாஸ்டிக் மேல தங்க ஃபாயில் ஒட்டினது, அதுல ஒண்ணு கூட கம்பெனி கார்டு கிடையாது. உலோகத்துல கம்பெனியே போட்டது கைவிட்டு எண்ணலாம். 2021ல 25வது வருஷத்துக்கு வந்த செலிப்ரேஷன்ஸ் அல்ட்ரா பிரீமியம் பெட்டியில பிகாச்சுவும் சாரிஸார்டும், பின்னாடி 151 செட்டோட அல்ட்ரா பிரீமியம் பெட்டியில மியூ. 1999ல பர்கர் கிங் கடையில போக்கிபால் டப்பாவுக்குள்ள தங்க முலாம் பூசின கார்டு வித்தாங்க, அது விளையாடற கார்டே இல்ல. இதெல்லாம் தனித்தனியா வந்தது, ஒரு டப்பாவுல 55 வராது.

இது எவ்வளவு பெரிய தொழில்னு புரியணும்னா ஒரு விஷயம் சொல்றேன், 2021ல ஷாங்காய் ஏர்போர்ட்ல சீன கஸ்டம்ஸ் பிடிச்ச டூப்ளிகேட் போக்கிமான் கார்டு மட்டும் 7.6 டன், நெதர்லாந்துக்குப் போக இருந்தது. பிடிபட்ட ஒரு லோடு அது.

வைகை_வாசகி

நடுவுல ஒரு கேள்வி. குழந்தைங்க விளையாடத்தானே வாங்குறாங்க, ஒரிஜினல் பேக் ஒண்ணு அமெரிக்காவுலயே 4 டாலருக்கு மேல, நம்ம ஊர்ல வந்து சேரும்போது இன்னும் ஏறிடுது. 200 ரூபாய் டப்பாவுல என் பொண்ணு சந்தோஷமா விளையாடுறா. அதைத் தப்புன்னு சொல்லி பிடுங்கணுமா?

பைண்டர்_அக்கா

பிடுங்கவே கூடாதுங்க. வீட்டுல தாராளமா விளையாடட்டும். ஆனா ஸ்கூல்ல, கிளாஸ்மேட் கூட மாத்தும்போதுதான் பிரச்சினை. ஒரு பிள்ளை உண்டியல் காசு சேத்து வாங்கின நிஜ கார்டைக் குடுத்துட்டு தங்க பிளாஸ்டிக்கை வாங்கிட்டுப் போகும், வீட்டுல அண்ணனோ அப்பாவோ பாத்து சொன்னதும் அழும், நட்பே உடைஞ்சு போகும். நான் நேர்ல பாத்திருக்கேன், அதனாலதான் இதுல இவ்வளவு அழுத்தமா பேசறேன். டப்பா கார்டுக்கு தனி டப்பா, நிஜ கார்டுக்கு தனி பைண்டர்னு பிரிச்சு வெச்சு, டப்பா கார்டை யாருக்கும் மாத்தக் கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க, பிள்ளைங்களுக்கு நல்லா புரியும். பொண்ணு போட்டியில விளையாட ஆசைப்பட்டா டூப்ளிகேட் கார்டை அங்க சேக்க மாட்டாங்க, அதுக்கு சாதா நிஜ கார்டுங்க கடையில மொத்தமா மலிவா கிடைக்கும், விளையாட ஒரு நல்ல கார்டுக் கட்டு (டெக்) சேக்க அபூர்வ கார்டு தேவையே இல்ல.

கண்ணாடிப்பெட்டி

யாரும் கிரேடிங், அதாவது கார்டுக்குத் தர மார்க் போடறது பத்தி சொல்லல, நான் சொல்லிடறேன். சிலர் "பெட்டியில சீல் பண்ணது, கவலை வேண்டாம்"னு சொல்லி விப்பாங்க, நொய்யல்கரை அண்ணன் அடுத்து அந்தப் பக்கம் போவாருன்னு நெனைக்கறேன்.

பி.எஸ்.ஏ, பெக்கெட், சி.ஜி.சி மாதிரி கம்பெனிங்க கார்டைப் பாத்து மார்க் போட்டு பிளாஸ்டிக் பெட்டியில அடைச்சுக் குடுப்பாங்க, லேபிள்ல ஒரு நம்பர் இருக்கும், அதை அவங்க வெப்சைட்ல போட்டா எந்தக் கார்டு எந்த மார்க்னு வரும். ஏமாத்தறவன் என்ன பண்றான்னா ஏலத்துல போன ஒரு நிஜக் கார்டோட நம்பரை எடுத்து தன்னோட போலிப் பெட்டி லேபிள்ல அடிச்சுடறான். நம்பர் போட்டா எல்லாம் சரியா வரும். அதனால நம்பர் சரியா வருதுங்கறதோட நிறுத்தாம அந்த நம்பர்ல பழைய ஏலப் படம் இருக்கான்னு தேடி, படம் எவ்வளவு ஒதுங்கியிருக்கு, ஹோலோ எந்த இடத்துல விழுந்திருக்கு, மூலைத் தேய்மானம் எங்க இருக்குன்னு ஒப்பிட்டுப் பாக்கணும், ரெண்டு கார்டு ஒரே மாதிரி தேயாது. பெட்டியோட ஓரத்துல ஒட்டு பிரிஞ்சு உறைஞ்ச மாதிரி வெள்ளைத் தடம் இருந்தா பிரிச்சு ஒட்டினதா இருக்கலாம்.

நிபுணர்களும் ஏமாறாம இல்ல. யூட்யூபர் லோகன் பால் 2021 கடைசியில 35 லட்சம் டாலர் குடுத்து ஃபர்ஸ்ட் எடிஷன் பேஸ் செட் பெட்டிங்க அடங்கின சீல் பண்ண கேஸ் ஒண்ணு வாங்கினாரு, நிபுணர் கம்பெனி பாத்து ஒரிஜினல்னு சொன்னது, 2022 ஜனவரியில கேமரா முன்னாடி திறந்தா உள்ள இருந்தது ஜி.ஐ. ஜோங்கற வேற பொம்மை வரிசையோட கார்டு. அதை விட எனக்குப் பெருசா படறது 2025 ஆரம்பத்துல வந்த புரோட்டோடைப் விவகாரம். 1996ல கேம் உருவாக்கும்போது சோதனைக்கு அடிச்ச கார்டுன்னு சொல்லி நல்ல விலைக்குப் போயிட்டு இருந்துச்சு, கிரேடிங் கம்பெனி பெட்டியில அடைச்சதுதான். சேகரிப்பாளர்கள் சிலர் ஸ்கேன் எடுத்து கலரைப் பிரிச்சுப் பாத்தப்ப கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிங்க இருந்துச்சு, கலர் லேசர் பிரிண்டர்ங்க பல தாள்ல தானா போடற அடையாளம் அது, எந்த தேதியில அடிச்சதுன்னு அதுலயே இருக்கும். சில கார்டுல 2024ன்னு வந்துச்சு.

ஆப்செட்_மாஸ்டர்

அந்த மஞ்சப் புள்ளி உள்ளதுதான். நீல லைட்டு அடிச்சு லென்ஸ்ல பாத்தா கறுப்பாத் தெரியும். ஆப்செட்ல அது வராது, லேசர் பிரிண்டர் அடையாளம். அண்ணாச்சி கார்டுக்கு இது வேணாம், நீங்க அந்த முத்திரையை மட்டும் சாய்வா லைட்டு பிடிச்சுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. அச்சோட சேந்து விழுந்த கறுப்பும், முடிஞ்ச கார்டு மேல பின்னால வச்ச கறுப்பும் ஒண்ணுபோல மின்னாது.

நொய்யல்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. போய்ட்டு வந்துட்டேன்.

டவுன்ஹால் பக்கம் வாட்ச் கடைக்காரர்கிட்ட லென்ஸ் கேட்டு வாங்கிட்டுப் போனேன், கூட வேலை செய்யறவரோட தம்பிகிட்ட இருந்து பேஸ் செட் சாதா கார்டு ரெண்டு. மாஸ்டர் சொன்ன மாதிரி முதல்ல அடி எழுத்தைத்தானுங்க பாத்தேன். சாரிஸார்ட்லயும் சாதா கார்டுலயும் ஒரே மாதிரி, எழுத்து முழுக் கறுப்பா ஓரம் சுத்தமா நிக்குது, பக்கத்துல கலர் சிதறல. படத்துல அந்த வட்டப் புள்ளிக தெளிவா தெரிஞ்சது, நீங்க சொல்லலைன்னா அதைப் பாக்கணும்னே தோணியிருக்காதுங்க. ஓரத்துல கருங்கோடு இருக்குது, டார்ச்சுக்கும் வெளிச்சம் வரல. கார்டு நல்ல கார்டுன்னுதான் எனக்குப் பட்டுது.

அப்புறம் முத்திரை. நேரா பாத்தா ஒண்ணும் தெரியலீங்க. ஜன்னல்கிட்ட கொண்டு போய் கார்டைச் சாய்ச்சு சாய்ச்சுப் பாத்தா கார்டு பூரா ஒரே பளபளப்பு, அந்த வட்டம் மட்டும் மங்கலா தனியா நிக்குது, மேல வெச்ச மாதிரி. லென்ஸ்ல அந்த 1ஓட ஓரம் பிசிறு பிசிறா இருக்குது, பக்கத்துலயே இருக்கற சின்ன எழுத்து அவ்வளவு சுத்தமா இருக்கும்போது இது மட்டும் ஏன் இப்படின்னு அவருக்கும் காட்டினேன். நிழல், 99 விஷயத்தையும் சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் துபாய்ல ஒரு பெரிய பையன்கிட்ட நெறைய கார்டு குடுத்து மாத்தினதுன்னாரு. எனக்கு அவரு பொய் சொல்றாருன்னு தோணலீங்க, லென்ஸை வாங்கி அவரே ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாரு.

புது கார்டுகள்ல பாதிக்கு மேல வழவழன்னு இருந்துச்சு, ரெண்டு விமேக்ஸ் சாம்பல் ஓரம். அதை அவரே எடுத்து ஓரமா வெச்சுட்டாரு, வீட்டுல யாரோ ஆன்லைன்ல மொத்தமா வாங்கினதாம்.

இப்ப சாரிஸார்டுக்கு 15,000 குடுத்தா போதும்ங்கறாரு. பையனுக்கு முத்திரை முக்கியம் இல்லீங்க, அவனுக்கு அந்தக் கார்டு கையில இருந்தா போதும். வாங்கலாங்களா?

பைண்டர்_அக்கா

முத்திரை இல்லாத, இதே தேய்மானத்துல இருக்கற அன்லிமிடெட் இப்ப என்ன விலைக்கு வித்து முடிஞ்சிருக்குன்னு பாருங்க, கேக்கற விலை இல்ல, வித்து முடிஞ்ச விலை. அதுல இருந்து நல்லாவே குறைக்கணும், ஏன்னா மேல மை வெச்ச கார்டு மாத்தப்பட்ட கார்டு, கிரேடிங்குக்கு அனுப்பினா மார்க் கிடைக்காது. 15,000ஐ விட இன்னும் கொஞ்சம் இறங்கிக் கேளுங்க, அவரும் நியாயமான ஆளாத் தெரியறாரு. வாங்கினா அந்த முத்திரையை அழிக்கப் பாக்காதீங்க, அழிரப்பர், ஸ்பிரிட் எதையும் கிட்ட கொண்டு போக வேண்டாம், மையோட மேல்பூச்சும் சேந்து போயிடும்.

மாச்சாம்ப்_ரசிகன்

ஒரு சின்னச் சீட்டுல "அன்லிமிடெட், முத்திரை அப்புறமா வெச்சது"ன்னு எழுதி டாப்லோடர்ங்கற கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள்ள கார்டுக்குப் பின்னாடி வெச்சுடுங்க அண்ணா. பையன் பெரியவனாகி இன்னொருத்தருக்குக் குடுக்கும்போது அந்தச் சீட்டும் சேர்ந்தே போகட்டும்.

நொய்யல்கரை

12,000க்கு முடிஞ்சுதுங்க. சீட்டை அவர் கையாலயே எழுதி வாங்கிட்டேன்.